நிற்காத ரத்தம்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத்தான் ஆளில்லை. வீட்டிலிருந்த மூன்று பேரும் தபால்காரரின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அதில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்கிக் கட்டிக்கொண்டவள் அந்த வீட்டு மருமகள். ஆறு வருஷமாக அதுதான் அவளுக்கு வேலை.

“தலையணையைப் பாருண்ணா! ரத்தம்! வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுத்தேன்... கிண்ணமெல்லாம் சிவப்பு!” நாத்தனாரின் குரல் மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கும். “கையைப் பாரு! நீலம் நீலமா... நாலு விரல் தடம் அப்படியே இருக்கு. யாரு பிடிச்ச பிடி இது? சொல்லுங்க அண்ணி!”

“நான்தான் பிடிச்சேன். பாத்ரூம்ல விழப் பார்த்தாரு. தாங்கிப் பிடிச்சேன்.”

“தாங்கிப் பிடிச்சா இப்படியா கன்னிப்போகும்? பிழிஞ்சிருக்கீங்க!”

தபால்காரர் காதில் இது எதுவும் விழவில்லை. முப்பத்தைந்து வருஷம் தெருத் தெருவாக நடந்து கடிதம் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான். மற்ற நாளாக இருந்தால், ‘டீ என்னம்மா ஆச்சு, ரிஜிஸ்டர் தபால்ல வருதா?’ என்று இந்நேரம் கேலி பண்ணியிருப்பார். இன்று உடம்பு சில்லிட்டு, மூச்சு இரைக்க, செத்துப்போன மனைவியை முணுமுணுவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாத்திரை டப்பா எங்க?” என்று பாய்ந்தான் மகன். ஊரெல்லாம் நின்றுபோன லிஃப்டைச் சரி பண்ணுகிற மெக்கானிக். வீட்டில் எது பழுதானாலும் அவன் முதலில் குற்றம் சொல்வது பெண்டாட்டியைத்தான்.

தபால்காரருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓட ஆரம்பித்ததிலிருந்து, ரத்தம் உறைந்து அடைத்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. அளவு கூடினால் ரத்தம் கசியும். குறைந்தால் அடைக்கும். அதை வேளை தவறாமல் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமென்றுதான், தையற்கூடத்தில் துணி வெட்டும் மாஸ்டராக இருந்த மருமகள் கத்தரிக்கோலைத் தூக்கிப் பரணில் போட்டாள். வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை!

“ரெண்டு தடவை குடுத்துட்டியா? மறந்துபோய் மறுபடியும் குடுத்தியா? உண்மையைச் சொல்லு!”

“இல்லைங்க... நேத்து ஒண்ணுதான் குடுத்தேன்.”

“பின்ன ரத்தம் ஆகாசத்துல இருந்தா வருது?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மாமனாரின் இடது காலை அவள் பார்த்தாள். கால் முழுக்க ஒரு பழுப்புக் காலுறை. பதில் அதற்குள் இருந்தது. ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அப்புறம் என்னை வெட்டுங்க, குத்துங்க...” என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் பக்கத்து ஊரில் பார்லர் வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. கை பட்டால் கட்டைவிரல் நகம்கூடப் பளபளக்கும். அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவருடைய கால்களை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, நகம் வெட்டி, தடித்த தோலைச் சீவி எடுப்பாள். அம்மா இல்லாத பெண்ணுக்கு அப்பா மேல் இருந்த பாசமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கும். தபால்காரரும் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரம் தங்க வந்தபோது, இடது பாதத்தில் பெரிய காலாணி ஒன்று அவள் கண்ணில் பட்டுவிட்டது. பார்லர் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தாள்.

“வேணாம்டி. சக்கரைக் காலு. மாமாவுக்கு அங்க உணர்ச்சியே கிடையாது. வெட்டினா வலிகூடத் தெரியாது” என்றாள் மருமகள்.

“தினம் நூறு காலைப் பார்க்கிறேன் அண்ணி. நீங்க எனக்குச் சொல்லித் தராதீங்க.” பிறகு அப்பாவிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நான் வந்து நாலு நாள் சீராட்டினா அண்ணிக்குப் பொறுக்காது!” என்றாள்.

அதற்கு மேல் பேச மருமகளுக்கு என்ன தலையெழுத்தா? அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் தபால்காரர் காலுறையைக் கழற்ற மறுத்தார். குளிக்கும்போதும் மாட்டேன் என்றார். மருமகள் விடாப்பிடியாக இழுத்தாள். காலாணி இருந்த இடத்தில் ஒரு குழி. சுற்றிலும் சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சளாகச் சீழ்.

“மாமா! என்ன மாமா இது? வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போவோம்!”

அவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அம்மாடி... சத்தம் போடாத. அவளுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவா. நான் வெட்டித்தான் அப்பாவுக்கு இப்படி ஆச்சுன்னு காலம் பூரா அழுவா. இன்னும் ரெண்டு நாள். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிடுவா. பஸ் ஏத்திவிட்ட கையோட நானே வரேன். சொல்ல மாட்டேன்னு சொல்லு... எனக்காக.”

சொன்னாள், பாவி! புண்ணைக் கழுவி மருந்து தடவி, அந்தக் காலுறையை அவளே மாட்டியும் விட்டாள். மனிதர்கள் நல்லவர்களாக இருப்பதற்கு ஒரு அளவு வேண்டாமா? இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

அவசர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே கணவன் திரும்பி நின்றான்.

“நீ உள்ள வராத.”

“என்னங்க...”

“வராதன்னு சொன்னேன். நீ செஞ்சது போதும்.”

கதவு மூடிக்கொண்டது. கட்டில்கள், திரைச்சீலைகள், பச்சையாக ஓடும் எண்கள் எல்லாம் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. கதவு சரியாகப் பொருந்தாத கதவு. உள்ளே பேசுவது வெளியே நன்றாகவே கேட்டது.

“ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை டாக்டர். எங்க அண்ணிதான் குடுப்பாங்க. கூட குடுத்துட்டாங்க!” நாத்தனார் அழுதுகொண்டே சொன்னாள்.

டாக்டர் ஒரு பெண். தூக்கமில்லாத கண்கள், வேகமான கைகள். “எத்தனை மாத்திரை? எப்ப?”

“நாலஞ்சு இருக்கும்” என்றான் மகன்.

நாலஞ்சாம்! டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காதவன் வாயில் நாலஞ்சு எப்படி வந்தது? 

“பிரஷர் ரொம்பக் குறைவா இருக்கு. உள்ள எங்கேயோ ரத்தம் போகுது போல. மாத்திரைக்கு முறிவு ஊசி போடுங்க. வயித்தை ஸ்கேன் எடுக்கணும், ஆளைக் கூப்பிடுங்க” என்றாள் டாக்டர்.

நர்ஸ் கையில் குத்திய ஊசியைச் சுற்றி ரத்தம் கசிந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். பஞ்சு நனைந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் நனைந்தது.

மருமகள் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள். சொன்னால் வாக்குத் தவறிப்போகும். அந்தப் பெண் உடைந்துபோவாள். ‘தன் தப்பை மறைக்க நாத்தனார் தலையில கட்டுறா’ என்று எல்லோரும் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால்? கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போவார்கள். வயிற்றில் தேடுவார்கள். காலில் இருப்பது வயிற்றில் எப்படிக் கிடைக்கும்? தேடி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார்...

வாக்காவது, வெங்காயமாவது!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். “டாக்டர்! மாத்திரையால இல்லை. காலைப் பாருங்க. இடது காலு!”

“ஏய், உன்னை வெளிய இருக்கச் சொன்னேன்ல?” கணவன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

“கையை எடுங்க!”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. அவன் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் காலுறையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நாற்றம் முதலில் வந்தது. பாதம் வீங்கி, சிவப்பு கணுக்கால் தாண்டி ஏறியிருந்தது. கடைசி இரண்டு விரல்களும் கருநீலமாக மாறியிருந்தன. நேற்று அவை அப்படி இல்லை.

டாக்டர் ஒரு விநாடிதான் பார்த்தாள். பிறகு அறையே மாறிவிட்டது. “ஸ்கேன் இப்ப வேணாம். ரெண்டு கையிலயும் லைன் போடுங்க. கல்ச்சருக்கு ரத்தம் எடுங்க, உடனே ஆன்டிபயாட்டிக். சலைன் வேகமா ஓடட்டும். பிளேட்லெட் எவ்வளவு இருக்குன்னு லேப்ல போன்லயே கேளுங்க.” அவள் நிமிர்ந்தாள். “இந்தப் புண்ணு எத்தனை நாளா இருக்கு?”

“வெட்டி ஏழு நாளாச்சு. நான் பார்த்து ரெண்டு நாள்.”

“ரெண்டு நாளா தெரியுமா? தெரிஞ்சு சும்மா இருந்தீங்களா?”

அந்த அடியை அவள் அப்படியே வாங்கிக்கொண்டாள். மற்ற அடிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இது நியாயமான அடி.

“வெட்டினதா? யாரு வெட்டினது?” என்று திகைத்தான் மகன்.

நாத்தனாரின் முகம் வெளிறியது. மறு விநாடியே சிவந்தது. “பழியைத் தூக்கி என் மேல போடறீங்களா? நான் ஒரு துளி ரத்தம் வராம சீவினேன்! நீங்க மருந்துங்கிற பேர்ல எதைத் தடவுனீங்களோ... கைகாரி! அப்பா பிழைச்சு வரட்டும், உங்க சாயம் வெளுக்கும்!”

“வெளியே போங்க மூணு பேரும்!” என்று டாக்டர் போட்ட அதட்டலில் பக்கத்துக் கட்டில் நோயாளிகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தாண்டித்தான் டாக்டர் வெளியே வந்தாள். கையில் ஒரு தாள்.

“மாத்திரை குடுக்கிறது யாரு?”

கணவன் விரலை நீட்டினான். அந்த விரலை முறித்து அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது மருமகளுக்கு.

“சரியாத்தான் குடுத்திருக்காங்க” என்றாள் டாக்டர். “மாத்திரை கூடிப்போனா பிளேட்லெட் குறையாது. இவருக்குப் பாதாளத்துல இருக்கு. ரத்தத்தை உறைய வைக்கிற மத்த சரக்கும் காலி. இது கிருமி பண்ணின வேலை.”

“கிருமியால எப்படி டாக்டர் ரத்தம் வரும்?”

“புண்ணு வழியா கிருமி ரத்தத்துல இறங்கிடுச்சு. கிருமியை நகர விடாமப் பிடிச்சு வைக்க, உடம்பே ரத்தத்தை அங்கங்க உறைய வைக்கும். நல்லதுக்குத்தான் செய்யுது. ஆனா இவருக்கு அது கை மீறிப்போச்சு. உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி ரத்தக் கட்டி. திருடன் வந்துட்டான்னு தெருவுல இருக்கிற கதவையெல்லாம் பூட்டினா பால்காரன் எப்படி வருவான்? அப்படித்தான் விரலுக்கும் கிட்னிக்கும் ரத்தம் போகலை. பூட்டெல்லாம் அங்கேயே செலவாகிடுச்சு. ஈறுலயும் ஊசி குத்தின இடத்துலயும் போட மிச்சமில்லை. அதான் கசியுது, லேசாப் பிடிச்சாக்கூடக் கன்னுது.”

“அப்ப... கையில இருந்த விரல் தடம்...” என்று இழுத்தான் அவன்.

“பிடிச்சதால வந்ததுதான். பிடிக்கலேன்னா தரையில விழுந்து தலையில அடிபட்டிருக்கும். இன்னிக்கு இருந்த நிலைமைக்கு அந்த ரத்தம் நின்னிருக்காது.” டாக்டர் தாளை மடித்தாள். “இவங்க காலைக் காட்டலேன்னா நான் இன்னும் ஒரு மணி நேரம் வயித்துல தேடிட்டு இருந்திருப்பேன். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு இல்லை. இப்பவும் கண்டத்தைத் தாண்டலை. காத்திருங்க.”

டாக்டர் நடைபாதை வழியாக உள்ளே போனாள். கணவன் தொண்டையைக் கனைத்தான். “டென்ஷன்ல... ஏதோ வாய் தவறி...”

“வாய் தவறியா?” அவள் திரும்பினாள். “நாலஞ்சு மாத்திரைன்னு சொன்னீங்களே, எண்ணிப் பார்த்தீங்களா? ஆறு வருஷம் ஒரு வேளை தவறாம குடுத்திருக்கேன். எனக்குக் காய்ச்சல் அடிச்சப்போ யாரு குடுத்தா? நான்தான். எங்க அம்மா செத்த அன்னிக்குப் பிணத்தைத் தூக்கினதும் ஓடி வந்தேனே, எதுக்கு? சாயங்கால மாத்திரைக்கு! அந்த டப்பாவோட மூடி எந்தப் பக்கம் திறக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? லிஃப்ட் நின்னுபோனா பத்து இடம் பார்த்துட்டுத்தான் கோளாறு எங்கன்னு சொல்வீங்க. என்னை மட்டும் பார்க்காமலே சொல்லிட்டீங்க...”

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததே என்று அதன் மேலும் கோபம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் தூரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாய் மட்டும் அடங்கியிருந்தது. ஒப்புக்கொள்கிற முகமில்லை அது.

நான்கு நாள் கழித்துத் தபால்காரருக்கு நினைவு தெளிந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. பாதம் தப்பியது. கட்டைப் பார்த்தார், சுற்றி நின்ற மூன்று முகங்களைப் பார்த்தார், நடந்ததைப் புரிந்துகொண்டார்.

“அப்பா, நீயே சொல்லுப்பா” என்றாள் மகள் அவசரமாக. “அண்ணி என்னென்னமோ சொல்றாங்க. நான் வெட்டினதாலதான்னு...”

கிழவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. “ஆமாம்மா. நீ வெட்டினதுதான். மறுநாளே காலுறை நனைஞ்சுது. நீ அழுவியேன்னு மறைச்சேன். அண்ணி கண்டுபிடிச்சா. அவ வாயையும் நான்தான் கட்டினேன். அவ மேல ஒரு தப்பும் இல்லை.”

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் மருமகள் மாமனாரின் காலைத் தொட்டுக் கண்ணீர் விடுவாள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவள் விடவில்லை.

“பெரிய மனசு மாமா உங்களுக்கு! பொண்ணு மனசு உடையக் கூடாது. சரி. என் மனசு? அது என்ன, இரும்பா? அவ அழக் கூடாதுன்னு உங்க உசுரைப் பணயம் வெச்சீங்க, அதுக்குப் பக்கத்துல என் மானத்தையும் வெச்சீங்க. விஷம் வெச்சவ மாதிரி கதவுக்கு வெளிய நின்னேன் மாமா, நான்! நீங்க போயிருந்தா, மாமனாரைக் கொன்னவள்னு சாகிற வரைக்கும் எனக்குப் பேரு. உண்மை யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும். நீங்க இல்லை. என்னை யாரு நம்புவா?”

“தப்புதாம்மா...” என்று கை கூப்பப் போனார் அவர்.

“கையைக் கூப்பாதீங்க, ஊசி கழண்டுக்கும்!” என்று அவள் அதட்டினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையில் இறக்கி வைத்தாள். “நானும்தான் தப்பு பண்ணினேன். வாக்கு குடுத்தேன்னு ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்தேன். அந்த ரெண்டு விரல் என் கணக்குல போச்சு...”

அவர் அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவள் உதறவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் காலை. வெந்நீர், பஞ்சு, மருந்து, கையுறை எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போன மருமகள், அதை நாத்தனார் மடியில் வைத்தாள்.

“நீ பண்ணு.”

“நானா? வேணாம் அண்ணி... இந்தக் கையால இனி அப்பா காலைத் தொட மாட்டேன். பார்லரைக்கூட மூடிடப் போறேன்.”

“மூடிட்டு? அழுதுட்டு உட்காருவியா? அதுக்குத்தான் உங்க அப்பா பயந்தாரு. அதுக்குத்தான் காலை அழுக விட்டாரு! அழறது ரொம்பச் சுலபம்டி. உட்காரு. கையைக் கழுவு.”

“என்னைக் கைகாரின்னு நாலு அறை விடுங்க அண்ணி. அதை வேணா தாங்கிப்பேன்...”

“அறையறதுக்கு எனக்கு நேரமில்லை. பத்து மணிக்குத் தையற்கூடத்துல இருக்கணும். மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க.”

கூடத்தில் மேசையருகே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவன் தலையைத் தூக்கினான். அவன் முன்னால் மாத்திரை டப்பா திறந்து கிடந்தது. நேற்று அவள் அதை அவன் கையில் கொடுத்தபோது, இத்தனை நாளாகத் தன்னிடம் பேசாதவள் பேசினாளே என்று அவனுக்குச் சந்தோஷம்கூட. “இது காலையிலயா, சாயங்காலமா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டான்.

“அட்டையில எழுதியிருக்கு. படிங்க” என்றாள் அவள். அவன் படித்தான்.

நாத்தனார் கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்தாள். நூறு கால்களைப் பார்த்த கைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று நின்று போயின. கடைசித் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு மெதுவாக எடுத்தாள். புண்ணின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் அரும்பியது.

“ஐயோ அண்ணி! ரத்தம்! அண்ணி... இது நிக்காது...” அவள் பின்னால் சரிந்தாள்.

மருமகள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கத்தாத. பஞ்சை வை. லேசா அழுத்து. எடுக்காத... எடுக்காத...”

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பஞ்சைப் பார்த்தார்கள். கூடத்திலிருந்தவன் கையில் மாத்திரையோடு எழுந்து வந்து வாசலில் நின்றான்.

“இப்ப எடு.”

எடுத்தாள். பஞ்சில் சின்னப் பொட்டு அளவுக்குச் சிவப்பு. புண்ணின் ஓரத்தில் அந்தத் துளி கருஞ்சிவப்பாக உறைந்து உட்கார்ந்திருந்தது. வேறு எங்கேயும் கசியவில்லை.

“நின்னுடுச்சு...” என்றாள் நாத்தனார். “அண்ணி, தானா நின்னுடுச்சு...”

அவ்வளவுதான். அவள் அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மருமகள் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் துடைத்துப்போட்ட கண்ணீரெல்லாம் இப்போது மொத்தமாக இறங்கியது.

“என்னம்மா... என் காலை அப்படியே விட்டுட்டீங்க? தபாலாபீஸ் மூடியாச்சா?” என்றார் தபால்காரர்.

“நீங்க பேசாதீங்க மாமா! உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலை” என்றாள் மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நாத்தனாரின் தலையை நிமிர்த்தினாள். “போதும் அழுதது. மருந்தைப் போட்டுக் கட்டு. இறுக்கிக் கட்டாத, ரத்தம் ஓடணும்.”

பரணிலிருந்து இறக்கி எண்ணெய் போட்டு வைத்திருந்த கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் செருப்பை மாட்டினாள்.